மடங்காதது

மிலிச் தன் கடையில் முதலில் எடுத்துக் காட்டியது
வெள்ளிப் பூண் போட்ட, முழங்கை நீளக் கத்தி.
குதிரைத் திருவிழாவுக்கு இடுப்பில் செருகலாம்,
படம் பிடித்துக்கொள்ளலாம்.
நான் வேலிக்காரி, என்றேன்.
நூற்றுப்பத்து கிலோமீட்டர் கம்பி,
அதற்கு நானும் ரொஸெந்தோவும்.
சின்னதாய் எடுங்கள்.

அடுத்தது மடக்குக் கத்தி.
சொடுக்கென்று அழகாய்த்தான் திறந்தது.
ஆனால் படகோனியாவில் காற்று
மணலைக் கொண்டுபோய் வைக்காத பொந்து இல்லை.
கீலுக்குள் நாலு மணல் புகுந்தால் பாதியில் நிற்கும்.
பாதியில் நின்ற கத்தி
முதலில் விரலைத்தான் பார்க்கும்.
ஜூலைக் குளிரில் நகத்தால் நெம்பித் திறக்க
எனக்கு நகமும் இல்லை.

இது மூன்றாவது தட்டில் கிடந்தது.
ஐந்து விரற்கடை அலகு, லெங்கா மரப்பிடி.
பிடியின் அடியைத் திருப்பினேன்:
எஃகின் வால் கடைசிவரை ஓடிவந்து
வெளியே எட்டிப் பார்த்தது.
துருப்பிடிக்கும், எர்மீந்தா, என்றார் மிலிச்.
பிடிக்கட்டும்.
துருப்பிடிக்காத எஃகுக்குச்
சாணைக்கல்லையும் பிடிப்பதில்லை.

கண்ணை மூடி உருவினேன். மூடியபடியே உறையில் இட்டேன்.
இடக்கையால் ஒருமுறை. கையுறையோடு ஒருமுறை.
உறையைத் தலைகீழாய்ப் பிடித்து உதறினேன், விழவில்லை.
மிலிச் கல்லாப்பெட்டிப் பக்கம்
ஓரடி நகர்ந்துகொண்டார்.

முதுகுப்பக்கம் செருகுவது இங்கே ஆண்களின் வழக்கம்.
குதிரை தள்ளினால் முதுகெலும்பு அதன்மேல்தான் விழும்.
நான் முன்பக்கம், தொப்புளுக்கு இடப்புறம், கொஞ்சம் சாய்வாக.
உட்கார்ந்தாலும் குத்தாது,
கோட்டுக்கு அடியில் அது இருப்பது
எனக்கு மட்டும் தெரியும்.

தினமும் கத்தி எதற்கு என்கிறாள் ஊரில் என் தங்கை.
வைக்கோல் கட்டின் கயிற்றுக்கு.
நகரத்திலிருந்து பறந்து வந்து
கம்பியில் மாட்டிக்கொண்டு அலறும் பிளாஸ்டிக் பைக்கு.
ரொஸெந்தோவின் உள்ளங்கைச் சிராய்க்கு
(அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்).
ஆரஞ்சுத் தோலை அறாமல் ஒரே நாடாவாய் உரிக்க;
அந்தச் சாறு அலகில் சாம்பல் நிறமாய்ப் படியும்.
ஒருநாள் மத்தி மீன் டப்பாவைத் திறந்தேன்.
நுனி ஒரு மயிரிழை போயிற்று.
செய்திருக்கக் கூடாது. மூன்று மாலை உட்கார்ந்து
கல்லில் தீட்டி மீட்டேன்.

ஓர் உறைக்குள் இரண்டு கத்தி தங்காதாம்.
ஓர் அறைக்குள் நானும் அவரும்
பதினோரு குளிர்காலம் தங்கிவிட்டோம்.
அதிகம் பேசிக்கொண்டதில்லை.

ஆகஸ்டில், ஆற்றோரக் கம்பத்துக்கு அப்பால்,
குவானகோக் குட்டி ஒன்று.
ஒட்டகத்துக்கு இளைத்த உறவு; வேலியைத் தாண்டிவிடும்,
தாண்டாத நாளில் பின்னங்கால்
மேல் கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே முறுக்கிக்கொள்ளும்.
இரவெல்லாம் தொங்கியிருக்கிறது.
எலும்பு வெளியே, பனி அதன்மேல்.
துப்பாக்கி வண்டியில். வண்டி ரொஸெந்தோவோடு.
தள்ளி ஒரு கம்பத்தில் பருந்து,
அவசரமில்லாமல்.

கொறடு கம்பியை வெட்டியது.
குட்டி எழுந்திருக்கவில்லை.
அதற்குமேல் கொறடுக்கு வேலை இல்லை.

கடையில் கண்ணை மூடி உருவியவள்
இங்கே திறந்தே வைத்திருந்தேன்.
இமைமுடி நீளமாக இருந்தது, குழந்தைக்குப் போல.
கழுத்தில் எங்கே என்று கை தேடியது.
தேடியது கை மட்டும்தான், அலகு தயங்கவில்லை.

பிறகு பனியில் துடைத்தேன்.
மாத்தே காய்ச்ச வைத்திருந்த வெந்நீரை ஊற்றிக் கழுவினேன்,
அன்று மாத்தே இல்லை.
சட்டையில் ஈரம் ஒற்றி, ஆட்டுக்கொழுப்பு தடவி,
அறுந்த கம்பியை மறுபடி இழுத்துக் கட்டிவிட்டு
இருட்டும்போது வந்து சேர்ந்தேன்.

ரொட்டி அறுக்க ரொஸெந்தோ கை நீட்டினார்.
பிடி அவர் பக்கமாய்த் திருப்பிக் கொடுத்தேன்.
தடிமனாக இரண்டு துண்டு அறுத்தவர்
அலகை விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.
இது என்ன, புதிதாய் நீலம்?

ஆரஞ்சு, என்றேன்.

அவர் ரொட்டியை என் பக்கம் நகர்த்தினார்.